பாட்டெழுதியவர் பெயர் எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் ஒரு தேநீர்க் கடையில் ‘தூங்காதே தம்பி தூங்காதே’ ஒலித்தபோது, பக்கத்தில் நின்ற இளைஞர் அதை எம்.ஜி.ஆர். பாட்டு என்றார், அவர் கைப்பேசிச் செயலியில் பாடகர், இசையமைப்பாளர் பெயர்கள் இருந்தன, எழுதியவர் பெயர் மட்டும் இல்லை. 1958-இல் வெளிவந்த ‘நாடோடி மன்னன்’ படத்துக்காக அதை எழுதிய பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம், 1930-இல் செங்கப்படுத்தான்காட்டில் பிறந்து, உழவு உட்படப் பல வேலைகள் பார்த்து, விவசாயிகள் இயக்கத்தில் ஈடுபட்டு, புதுச்சேரியில் பாரதிதாசனிடம் தமிழ் பயின்ற பிறகே திரைக்கு வந்தவர். வயலில் நின்றவரின் பேச்சு மெட்டுக்குள் அப்படியே உட்கார்ந்திருப்பதே அவர் தனித்திறன் என்பேன். பண்டிதச் சொல்லைத் தேடினாலும் எளிதில் அகப்படாது. 1959 அக்டோபரில் 29 வயதிலேயே அவர் மறைந்தார். ‘சின்னப் பயலே’ பாடல் இடம்பெற்ற ‘அரசிளங்குமரி’ 1961-இல்தான் திரைக்கு வந்தது. (படப்பெயர் மறந்தவர்களுக்கும் இந்தப் பாட்டு மறக்கவில்லை.) அவருடைய படைப்புகள் நாட்டுடைமையானவை, எடுத்தாள அனுமதி தேவையில்லை என்பதற்காகப் பெயரையும் விட்டுவிடலாம் என்றாகாது. வானொலி நிலையங்களும் செயலி நிறுவனங்களும் ஒவ்வொரு பாட்டுக்கும் கவிஞர் பெயரைக் குறிப்பிட வேண்டுமெனத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
தஞ்சாவூர்