பலகையில் ஒரு வரி: அப்பாச்சி ஓபன் ஆபீஸ் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அப்பாச்சி ஓபன் ஆபீஸ் திட்ட மேலாண்மைக் குழுவினருக்கு,

வணக்கம்.

2025 அக்டோபர் 13-ஆம் தேதியோடு, கடிதம் எழுதவும் கணக்குப் போடவும் உதவும் இலவச மென்பொருளான ஓபன் ஆபீசின் மூலநிரல் பொதுவுக்கு வந்து 25 ஆண்டுகள் நிறைந்துவிட்டன. வெள்ளிவிழா. வாழ்த்துச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். எழுத எழுத அது வேறு மாதிரிக் கடிதமாகிவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

பழைய கதை உங்களுக்குத் தெரியாததல்ல. ஓபன் ஆபீஸை வைத்திருந்த சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தை 2010-இல் ஆரக்கிள் நிறுவனம் வாங்கியது. அந்த ஆண்டு செப்டம்பர் 28 அன்று, ஓபன் ஆபீஸுக்காக உழைத்த பலர் சேர்ந்து டாக்குமெண்ட் ஃபவுண்டேஷன் என்ற தனி அமைப்பைத் தொடங்கினார்கள். "நீங்களும் வாருங்கள், பெயரையும் தாருங்கள்" என்று ஆரக்கிளை அழைத்தார்கள். பெயர் வரவில்லை. அதே நிரலிலிருந்து கிளைத்த தங்கள் மென்பொருளுக்குத் தற்காலிகமாக லிபர் ஆபீஸ் என்று அவர்கள் வைத்த பெயரே நிலைத்துவிட்டது. 2011 ஜூனில் ஆரக்கிள் ஓபன் ஆபீஸின் மூலநிரலையும் பெயரையும் உங்கள் அப்பாச்சி அறக்கட்டளையிடம் ஒப்படைத்துவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டது. பங்காளிகள் பாகம் பிரித்ததில் உழைக்கும் கைகளில் பெரும்பகுதி அந்த வீட்டுக்குப் போயிற்று, பெயர்ப்பலகை இந்த வீட்டிலேயே தங்கிவிட்டது.

நான் கேட்பது அந்தப் பலகையில் ஒரே ஒரு வரி. உங்கள் முகப்புப் பக்கத்தில், பதிவிறக்கப் பொத்தானுக்குப் பக்கத்தில், "இதே வேரிலிருந்து கிளைத்து, இன்று விரைவாக வளர்ந்துவரும் மென்பொருள் லிபர் ஆபீஸ், அதையும் பாருங்கள்" என்று எழுதுங்கள். அவ்வளவுதான்.

ஒரு பெயருக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று கேட்பீர்கள். எங்கள் ஊர்ப் பக்கம் அது வெறும் பெயர் இல்லை. 2007 வாக்கில் தமிழ்நாடு அரசின் மின்னணு நிறுவனமான எல்காட், லினக்ஸ் இயங்குதளத்துக்கும் ஓபன் ஆபீஸுக்கும் மாறியபோது, உரிமத்துக்குப் பணம் கட்டாமலே அலுவலக வேலை பார்க்கலாம் என்பதைப் பலரும் முதல்முறையாகக் கேள்விப்பட்டார்கள். கணினி வகுப்புகளிலும் ஜெராக்ஸ் கடைகளிலும் அந்தப் பெயர் வாய்மொழியாகப் பரவியது. இன்றைக்கும் "மைக்ரோசாஃப்ட் வேண்டாம், இலவசமா ஏதாவது இருக்கா?" என்று கேட்டால், விவரம் தெரிந்த சித்தப்பா சொல்லும் பெயர் ஓபன் ஆபீஸ்தான். 2010-இல் நடந்த பாகப்பிரிவினை அவர் காதுக்கு எட்டவே இல்லை. அவர் பேச்சை நம்பித் தேடி வருகிறவர்கள் வந்து நிற்பது உங்கள் வாசலில்.

அப்படி வந்தவர்களுக்கு என்ன கிடைத்தது என்பதற்கு ஒரே ஓர் எடுத்துக்காட்டுச் சொல்கிறேன். உங்கள் ஆவணங்களிலேயே இருப்பதுதான்.

2015 ஏப்ரலில் ஒரு பாதுகாப்பு ஓட்டை வெளியில் தெரிந்தது. கொரியாவில் புழங்கும் ஹெச்.டபிள்யூ.பி. என்ற கோப்பு வகையைத் திறக்கும் பகுதியில் பிழை. திட்டமிட்டுத் தயாரித்த ஒரு கோப்பைத் திறந்தால் போதும், தாக்குகிறவன் தன் நிரலை உங்கள் கணினியில் ஓட்டிவிடலாம். லிபர் ஆபீஸிலும் அதே ஓட்டை இருந்தது, ஒரே வயிற்றுப் பிள்ளைகள்தானே. அந்த அறிவிப்பு வந்த சமயத்திலேயே அவர்களிடம் திருத்திய பதிப்பு தயாராக இருந்தது. உங்களிடமிருந்து வந்ததோ ஓர் அறிவுரை: நிரல் நிறுவியிருக்கும் இடத்தில் "புரோகிராம்" என்ற கோப்புறைக்குள் போய், சம்பந்தப்பட்ட அந்த ஒரு கோப்பைத் தேடி, அழித்துவிடுங்கள், இல்லாவிட்டால் பெயரை மாற்றி வையுங்கள்.

இதைக் கொஞ்சம் நிதானமாக நினைத்துப் பாருங்கள். தாலுகா ஆபீஸ் எதிரே மனு தட்டச்சு செய்து பக்கத்துக்கு இருபது ரூபாய் வாங்குகிறவர். கொரிய மொழியில் ஒரு கோப்பை வாழ்நாளில் திறக்கப்போவதில்லை. அவருக்கு முதலில் இப்படி ஓர் அறிவிப்பு வந்திருப்பதே தெரியாது. தெரிந்தாலும் ஆங்கிலத்தில் இருக்கிறது. ஆங்கிலம் புரிந்தாலும் அந்தக் கோப்பில் கைவைக்க நிர்வாகி அனுமதி வேண்டும், கடவுச்சொல் கடை முதலாளியிடம். எல்லாவற்றையும் தாண்டிப் போனாலும், தவறிப்போய், நிரல் இயங்கத் தேவையான வேறொரு கோப்பின் பெயரை மாற்றிவிட்டால் அன்றைய பிழைப்பு போச்சு. உங்கள் திருத்திய பதிப்பு 4.1.2 வெளியானது அக்டோபர் கடைசியில். ஆறு மாதம்! அந்த ஆறு மாதமும் பதிவிறக்கப் பொத்தான் மட்டும் ஒரு நாளும் ஓய்வெடுக்கவில்லை. ஓட்டையுள்ள பதிப்பையே வருகிறவர்களுக்கெல்லாம் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தது.

அடுத்த ஆண்டும் வேறோர் ஓட்டை, அதே இழுபறி. 2016 செப்டம்பரில் உங்கள் குழுவின் அன்றைய தலைவரே, திட்டத்தை மூடுவதென்றால் என்னென்ன செய்ய வேண்டியிருக்கும் என்று பொதுவெளியில் கேட்டார். நேர்மையான கேள்வி. அன்று அவர் மேல் எனக்கு வந்த மரியாதை இன்றும் குறையவில்லை. பதிலைத்தான் இன்னும் காணோம்.

சரி, பாதுகாப்பு ஒரு பக்கம் இருக்கட்டும். உங்கள் 4.1 பதிப்பு வெளிவந்தது 2014 ஏப்ரலில். அதற்குப் பிறகு வந்ததெல்லாம் 4.1-க்குப் பின்னால் இன்னொரு புள்ளியும் எண்ணும் சேர்ந்தவை. மைக்ரோசாஃப்ட் வேர்டின் டாக்எக்ஸ் கோப்பை ஓபன் ஆபீஸில் திறக்க முடியும், அதே வடிவத்தில் சேமிக்க முடியாது. வேலைக்கு விண்ணப்பிக்கிற பிள்ளையிடம் அந்த வடிவத்தில்தான் கேட்கிறார்கள். பக்கத்து வீட்டில் அந்த வசதி எத்தனையோ ஆண்டுகளாக இருக்கிறது. இங்கே ஏன் இல்லை என்று தேடி, இலவச மென்பொருள் என்றாலே இப்படித்தான் போலிருக்கிறது என்று முடிவுகட்டி, அந்தப் பிள்ளை திருட்டு மைக்ரோசாஃப்டுக்குப் போய்விடுகிறது. உங்களுக்கு ஒரு பயனர் குறைவதோடு இது நிற்பதில்லை. "திறமூலம் நம்ம வேலைக்கு ஆகாது" என்ற எண்ணம் ஒரு தெருவுக்கே பரவுகிறது.

லிபர் ஆபீஸிலிருந்து நிரலை எடுத்துக்கொள்ளலாமே என்றால், உரிமம் குறுக்கே நிற்கிறது. உங்கள் அப்பாச்சி உரிமத்தில் நீங்கள் எழுதுவதை அவர்கள் எடுத்துக்கொள்ளலாம். அவர்களுடைய உரிமத்தில் அவர்கள் எழுதுவதை நீங்கள் அப்படியே எடுத்துச் சேர்க்க முடியாது. ஒருவழிப் பாதை. ஆக, இடைவெளி கூடுமே தவிரக் குறையாது.

இதில் உங்களை மட்டும் குறை சொன்னால் பாவம். பெயரைப் பிடித்துவைத்துக்கொண்டு ஆட்களைக் கோட்டைவிடும் கலையில் ஆரக்கிளுக்கு நல்ல அனுபவம் உண்டு. நிரல் எழுதுகிறவர்கள் பயன்படுத்தும் ஹட்சன் என்ற மென்பொருள் திட்டத்தில் 2011-இல் இதையேதான் செய்தார்கள். உருவாக்கியவர்கள் ஜென்கின்ஸ் என்று புதுப்பெயர் சூட்டிக்கொண்டு கிளம்பினார்கள், பின்னாலேயே ஊரும் கிளம்பியது. பிறகு ஹட்சனை ஆரக்கிள், எக்லிப்ஸ் என்ற இன்னொரு மென்பொருள் அறக்கட்டளையிடம் தள்ளிவிட்டது. எக்லிப்ஸ்காரர்களும் கொஞ்ச காலம் வைத்திருந்து பார்த்து, கடைசியில் மூடிவிட்டார்கள். மூடியதற்காக எக்லிப்ஸை யாரும் திட்டவில்லை. பெரிய நிறுவனங்கள் தங்களுக்கு வேண்டாததைக் கொண்டுவந்து இறக்கும் இடமா அறக்கட்டளைகள்? பழைய சோபாவை அநாதை இல்லத்துக்குக் கொடுத்துவிட்டுப் புகைப்படம் எடுத்துக்கொள்கிற மாதிரி. இந்த இடத்தில் வைக்கோல்போர் பற்றிய ஒரு பழமொழியும் நாக்கு நுனிவரை வந்தது. மரியாதை கருதி விழுங்கிவிட்டேன்.

மன்னிக்கவும், எங்கேயோ போய்விட்டேன். உங்களில் யாரும் சம்பளத்துக்கு இதைச் செய்யவில்லை என்பது தெரியும். விட்டுப்போன நிரலை, குறைந்த ஆட்களை வைத்துக்கொண்டு, உரிமச் சிக்கல்களைக் களைந்து 2012-இல் 3.4 பதிப்பை வெளியிட்டீர்களே, அது சின்ன வேலை இல்லை. ஒரு வெளியீட்டுக்கு மூன்று பேர் ஆதரவு வாக்களித்தால் போதும் என்ற உங்கள் விதியும் சிறு திட்டங்களை வாழவைக்கிற நல்ல விதிதான். ஆனால் மூன்று பேர் கை தூக்குவதும், கோடிக்கணக்கான முறை பதிவிறக்கப்பட்ட ஒரு மென்பொருளைப் பாதுகாப்பாக வைத்திருப்பதும் ஒன்றாகிவிடுமா?

ஓய்வுபெற்ற திட்டங்களுக்கென்று உங்கள் அறக்கட்டளையில் 2008 முதல் "பரண்" ஒன்று இருக்கிறதே, அதில் போட்டுவிடுங்கள் என்று நான் கேட்கவில்லை. உங்கள் வீடு, உங்கள் முடிவு. பெயரை அவர்களிடம் கொடுத்துவிடுங்கள் என்றும் கேட்கவில்லை, கொடுத்தால் ஊர் மகிழும். 2020 அக்டோபரில் டாக்குமெண்ட் ஃபவுண்டேஷனே உங்களுக்குத் திறந்த மடல் எழுதி, லிபர் ஆபீஸ் இருப்பதை உங்கள் பயனர்களுக்குச் சொல்லுங்கள் என்று கேட்டது. பங்காளி கேட்டால் வீம்பு வரும், புரிகிறது. நான் பங்காளி இல்லை, பயனர். அதே கேள்வியைத்தான் நானும் கேட்கிறேன்: முகப்பில் அந்த ஒரு வரியை எழுதுவீர்களா?

அடுத்த வெளியீட்டுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. தயவுசெய்து இந்த மாதமே செய்யுங்கள். தமிழ்ப் பக்கத்துக்கு அந்த வரி வேண்டுமென்றால் சொல்லுங்கள், ஒற்றுப்பிழை இல்லாமல் நானே எழுதித் தருகிறேன்.

இப்படிக்கு,
ஓபன் ஆபீஸில் தட்டச்சு பழகிய ஒருவன்