ஈரநில வரவு: நாற்றுக்கு முன் நீரைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

அமெரிக்காவில் ஈரநிலத்தை மீட்டு, அதற்கான ஈட்டு வரவுகளை (மீட்ட நிலத்தின் அளவுக்கும் தரத்துக்கும் ஏற்பக் கணக்கிடப்படும், விற்கக்கூடிய அலகுகளை; mitigation credits) விற்பது எளிய வருமானம் என்ற எண்ணம் பரவுவது கவலை தருகிறது. தூய நீர்ச் சட்டத்தின் 404ஆம் பிரிவின்கீழ் ஈரநிலத்தை நிரப்ப அனுமதி பெறுபவர், தவிர்க்க முடியாத இழப்புக்கு ஈடாக இவற்றை வாங்குகிறார். 2008ஆம் ஆண்டு விதிகள், ஈரநிலத்தை மீட்டு வரவுகளை விற்கும் இடங்களான ஈட்டு வங்கிகளுக்கு முன்னுரிமை தருகின்றன. நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஏற்கெனவே இருக்கும் ஈரநிலத்தைக் காப்பதற்கு மட்டும் கிடைக்கும் வரவு, மீட்பதற்குக் கிடைப்பதைவிட மிகக் குறைவு.

திட்டம் தோற்பது பெரும்பாலும் நீரால்தான். மேலே தெரியும் கால்வாயை அடைத்துவிட்டு, மண்ணுக்கடியில் புதைந்த வடிகால் குழாய்களை உடைக்காமல் விட்டால் நிலம் வடிந்துகொண்டே இருக்கும். தாவரங்களை நடுவதற்கு முன்பே ஆழமற்ற கண்காணிப்புக் குழாய்களை இறக்கி நீர்மட்டத்தை அளக்க வேண்டும். வளர்பருவத்தில் தொடர்ந்து 14 நாட்களாவது நீர்மட்டம் தரையிலிருந்து 12 அங்குலத்துக்குள் நிற்க வேண்டும் என்பது 404ஆம் பிரிவு அனுமதிகளை வழங்கும் ராணுவப் பொறியாளர் படை பயன்படுத்தும் அளவுகோல். அவசரப்பட்டு ஆழமாகத் தோண்டினால் கிடைப்பது குளம், ஈரநிலம் அல்ல.

வரவுகள் மொத்தமாக வராது. நிலத்தை என்றும் ஈரநிலமாகவே வைத்திருப்பதற்கான நிரந்தரப் பாதுகாப்புப் பத்திரமும், பணி முடியும் என்பதற்கான நிதி உத்தரவாதமும் முடிந்ததும் ஒரு பகுதி. மீதி, நீரும் தாவரமும் இலக்கை எட்ட எட்ட. கண்காணிப்பு குறைந்தது 5 ஆண்டுகள். மரங்கள் அடர்ந்த ஈரநிலம் என்றால் இன்னும் நீளும். இடையில் அயல்நாட்டு நாணல் களையாகப் படர்ந்தால் வரவு வெளியீடு நின்றுபோகலாம். களையெடுப்புச் செலவைத் தொடக்கத்திலேயே ஒதுக்கி வையுங்கள். வரவு விற்ற பணம் வரட்டும் என்று காத்திருப்பதற்குள் நாணலின் வேர்க்கிழங்கு ஊன்றிவிடும்.

இப்படிக்கு,
ஈரநில மீட்புப் பணியில் உள்ளோர்