தடைக்காலத்திலேயே டிபிடி-3 முடித்துவிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மண்டபத்தில் ஐஸ் கம்பெனி நடத்துகிறேன். 10 லட்சம் மூலதனத்தில் பிரைவேட் லிமிடெட். டைரக்டர்கள் நானும் என் தம்பியும்தான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு கடலுக்குப் போகாது. ஐஸ் வியாபாரம் படுத்துவிடும், கரண்ட் பில்லும் சம்பளமும் நிற்காது. கைப்பணத்தைப் போட்டுத்தான் ஓட்டுவோம். இந்தக் கரையில் நண்டு, கருவாடு கம்பெனி வைத்திருப்பவர்கள் பாடும் இதுதான்.

மார்ச் 31 அன்று கம்பெனி தலையில் நிற்கும் கடன், டெபாசிட் விவரத்தை ஜூன் 30க்குள் டிபிடி-3 படிவத்தில் கம்பெனிப் பதிவாளருக்கு அனுப்ப வேண்டும். பேங்க் லோனும் டைரக்டர் போட்ட பணமும் அதில் வரும். "நாம்தான் டெபாசிட்டே வாங்கவில்லையே" என்று எங்கள் கணக்கர் சும்மா இருந்துவிட்டார். ஏழு மாதம் தாமதம். 400 ரூபாய் கட்டணத்தோடு அதைப் போல் 12 மடங்கு, 4,800 ரூபாய் கூடுதலாகக் கட்டினேன்.

பணம் போனதுகூடப் பெரிதில்லை. மறு வருடம் தடைக்காலத்தில் கம்பெனிக்கு 2 லட்சம் போடப் போனேன். புது ஆடிட்டர் ஒரு தாளை நீட்டினார். 'இது நான் கடன் வாங்கிக் கொடுக்கும் பணம் அல்ல' என்று டைரக்டர் எழுதித் தர வேண்டுமாம். தந்தால்தான் அது டெபாசிட் கணக்கில் சேராது. எனக்குக் கை ஓடவில்லை. என் மனைவியின் ஆரத்தையும் வளையலையும் அன்று காலைதான் அடகு வைத்திருந்தேன். ரசீது சட்டைப்பையில் இருந்தது. கையெழுத்துப் போடாமல் எழுந்து வந்து நகையை மீட்டேன். அப்புறம் கம்பெனி பேரிலேயே பேங்கில் லோன் வாங்கினோம்.

மச்சான் பணமும் அப்படித்தான். பிரைவேட் கம்பெனியில் டைரக்டரின் உறவினரும் அதேபோல் எழுதிக் கொடுத்துவிட்டுப் பணம் தரலாம். ஆனால் பெற்றோர், மனைவி, பிள்ளைகள், மருமகள், மருமகன், உடன்பிறந்தோர் என்று போகும் அந்தப் பட்டியலில் மனைவியின் தம்பி இல்லை! மனைவியே டைரக்டராக இருந்தால்தான் அவர் உறவினர். நம் ஊரில் அவசரத்துக்கு முதலில் ஓடி வருபவரே மச்சான்தானே. நண்டு கம்பெனிகள் சரக்கு கேட்பவரிடம் வாங்கும் அட்வான்ஸையும் 365 நாளுக்குள் சரக்கில் கழிக்காவிட்டால் டெபாசிட் ஆகிவிடும்.

ஜூன் 15க்கு அப்புறம் எங்களுக்குச் சாப்பிடக்கூட நேரம் இருக்காது. இரவு பகலாக ஐஸ் அரைத்துப் போட வேண்டும். படிவத்துக்கு ஆடிட்டர் சரிபார்த்த கணக்கு வேண்டும். அதனால் கம்பெனி வைத்திருக்கும் அண்ணன் தம்பிகள் படகு கரையில் நிற்கும்போதே, மே மாதத்திலேயே, ஆடிட்டரைப் பார்த்துவிடுங்கள். படிவமும் விதியும் ஆங்கிலத்தில் இருப்பதால்தான் பலரும் கணக்கர் சொல்வதோடு நின்றுவிடுகிறோம். தங்கள் இதழ் ஒவ்வொரு வருடமும் தடைக்காலம் தொடங்கும்போது இதைத் தமிழில் ஒரு பக்கம் விளக்கி வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஐஸ் கம்பெனி நடத்தும் வாசகர்,
மண்டபம், ராமநாதபுரம் மாவட்டம்.