மரணத்தின் தலையைக் காணோம்: யூதத் திரைப்பட விழாக் குழுவினருக்குத் திறந்த மடல்

மதிப்புக்குரிய குழுவினருக்கு,

வணக்கம். ஞாயிறு மாலை 'டிபுக்' படக் காட்சியில் என்ன நடந்தது என்று நாங்கள் விவரிக்க வேண்டியதில்லை. கடைசி வரிசையில் நீங்களும்தான் இருந்தீர்கள்.

1937இல் போலந்தில், கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் மொழியான இத்திஷில் எடுத்த படம் 'டிபுக்'. கல்யாணத்தன்று மணப்பெண் லேயாவோடு மண்டையோட்டு முகத்துடன் மரணம் வந்து ஆடும். அந்த ஆட்டத்தை அமைத்து, மரணமாக ஆடியவரும் யூடித் பெர்க்தான். உங்கள் திரையில் மரணத்துக்குக் கழுத்துக்கு மேலே ஒன்றுமில்லை.

காரணம் எளியது. படத்தின் அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதம் 1.37க்கு 1. டிஜிட்டல் பிரதியில் 1998 புள்ளி (பிக்சல்) அகலத்துக்குள் 1480 மட்டுமே படம். இரு பக்கமும் கறுப்பாகத்தான் இருக்கும். அதைக் கோளாறு என்று நினைத்து யாரோ லென்ஸை ஜூம் செய்து திரையை நிரப்பிவிட்டார்கள். அகலம் நிரம்பியது, உயரத்தில் 1080 வரிசைகளில் 280 வெளியே போயின, மேலே 140, கீழே 140. மேலே போனது தலை. கீழே போனது சப்டைட்டில். இரண்டு வரி வசனத்தில் இரண்டாம் வரி திரைக்குக் கீழே கறுப்புத் துணியில் விழுந்தது. பேரன் அர்த்தம் கேட்கிறான். பாட்டிக்கு இத்திஷ் தெரியும், காதுதான் கேட்காது. அவரும் அந்த வரியை நம்பித்தான் வந்திருந்தார்.

இந்தப் படம் வெளிவந்து இரண்டே ஆண்டில் இரண்டாம் உலகப் போர். இந்த மொழி பேசிய ஊர்கள் பலவற்றில் இன்று அதைப் பேச ஆளில்லை. மிச்சமிருப்பதில் கால்வாசியையும் நாமே வெட்டலாமா?

விளம்பரதாரர் படங்கள் மட்டும் ஒரு புள்ளி பிசகாமல் திரையில் உட்கார்ந்தன. பாராட்டுகள்.

யூதப் பண்பாட்டைக் கொண்டாடும் விழாவுக்குத் தொடக்கக் காட்சி வெள்ளி இரவு! வெள்ளி மாலையே தொடங்கிவிடும் யூத ஓய்வுநாளில் வண்டி ஏறாத, காசைத் தொடாத பெரியவர்கள் அழைப்பிதழைப் பார்த்தே மகிழ்ந்துகொள்ள வேண்டியதுதான். அது தனி மடலுக்கான விஷயம், மன்னிக்கவும்.

நாங்கள் கேட்பது காட்சிக்கு முந்தைய நாள் ஓர் ஒத்திகை, அவ்வளவே. புரொஜெக்டரில் 1.37க்குத் தனி அமைப்பைச் சேமித்து வையுங்கள். பக்கத் திரைச்சீலைகளைப் படத்தின் விளிம்புவரை இழுங்கள். இரண்டு வரி சப்டைட்டில் வரும் ஓர் இடம், ஆள் முழு உயரத்தில் நிற்கும் ஓர் இடம், இரண்டையும் ஓட்டிப் பாருங்கள். பத்து நிமிட வேலை. இத்திஷ் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்தால், சப்டைட்டில் பேச்சுக்கு முந்துகிறதா பிந்துகிறதா என்பதும் தெரிந்துவிடும்.

புதன்கிழமை நீங்கள் திரையிடுவது 1939இன் இத்திஷ் படம் 'தெவ்யே'. அதுவும் அதே அளவுதான். தயவுசெய்து முந்தைய நாள் ஒத்திகை வையுங்கள். செவ்வாய் காலை அரங்கைத் திறந்துவிட்டால் போதும், இத்திஷ் தெரிந்தவரை நாங்களே அழைத்து வருகிறோம்.

இப்படிக்கு,
விழாவின் நெடுநாள் பார்வையாளர்கள் சிலர்