சிநேகிதி வரும்போது

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். போனில் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் எனக்குக் குரல் அடைத்துக்கொள்ளும். அதனால்தான் கடிதம். தம்பி இதைப் படம் எடுத்து உனக்கு அனுப்புவான்.

மியூனிக்கில் உன்னிடம் வர உன் சிநேகிதிக்கு விசா கிடைத்துவிட்டது. நேற்று சாயங்காலம் வீட்டுக்கே வந்து பாஸ்போர்ட்டைத் திறந்து காட்டினாள். நீ அனுப்பிய அழைப்புக் கடிதம், 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு, வங்கிக் கணக்கு, சம்பளச் சீட்டு என்று ஒரு கட்டுக் காகிதம் கொடுக்க வேண்டியிருந்ததாம். இவ்வளவுக்கும் அலைந்தது உன்னைப் பார்க்கத்தான். அம்மாவும் மூட்டை கட்ட ஆரம்பித்துவிட்டாள். பால் சேர்ந்ததை ஐரோப்பாவுக்குள் விடமாட்டார்கள் என்று நீ சொன்னதும் நெய்யையும் பால்கோவாவையும் மூட்டையிலிருந்து வெளியே எடுத்துவிட்டாள், முகம் வாடிப்போய். இப்போது சுண்டைக்காய் வற்றல், வெங்காய வடகம், காபிப் பொடி.

நீ போட்ட திட்டத்தையும் உன் சிநேகிதி காட்டினாள். பத்து நாளில் மியூனிக், மலைக்கோட்டை, சால்ஸ்பர்க், பாரிஸ். அதைப் பார்த்ததும் எனக்கு 1998 ஞாபகம் வந்துவிட்டது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

அப்போது நான் சிங்கப்பூரில், ஜூரோங் பக்கம் ஒரு ஷிப்யார்டில் வெல்டர். ஆசியா முழுக்கப் பண நெருக்கடி வந்த சமயம், ஓவர்டைம் சுத்தமாகக் குறைந்துபோயிருந்தது. அந்த நேரத்தில்தான் நம் திருவையாறு மாமா ஒரு கோயில் கும்பாபிஷேகத்துக்குத் தவில் வாசிக்க அங்கே வந்தார். வாசிப்பு முடிந்து இரண்டு நாள் அவருக்கு ஓய்வு. சனி, ஞாயிறு.

அறையில் கூட இருந்தவரிடம் 200 வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர், கடன் வாங்கினேன். ஒரு வெள்ளி அன்றைக்கு ஏறக்குறைய 25 ரூபாய், கணக்குப் போட்டுக்கொள். சனிக்கிழமை செந்தோசாவுக்குக் கூட்டிப்போனேன், கேபிள் கார் ஏற்றினேன், ஆற்று முகத்தில் சிங்கத்தலைச் சிலை முன்னால் நிற்கவைத்துப் படம் எடுத்தேன். மாமா எல்லாவற்றையும் பார்த்தார், அதிகம் பேசவில்லை. ராத்திரி சிராங்கூன் சாலையில் வாழை இலையில் சாப்பிட உட்கார்ந்தபோது கேட்டார்: "நீ எங்கடா தூங்குற? அதக் காட்டு."

வெளியாட்களை விடமாட்டார்கள் என்று பொய் சொன்னேன். ஊருக்கு நான் எழுதிய கடிதங்களில் எனக்குத் தனி அறை, மின்விசிறி, மெத்தை எல்லாம் இருந்தன. உண்மையில் ஒரு அறையில் பதினாலு பேர். எனக்கு மேல் அடுக்குக் கட்டில், தகரக் கூரைக்குக் கையெட்டும் தூரத்தில்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மாமா யாரையோ கேட்டு வழி தெரிந்துகொண்டு, பூன் லே வரை ரயிலில் வந்து, அங்கிருந்து பஸ் பிடித்து, வாசலில் வந்து நின்றுவிட்டார். ரயில் பாதையே அப்போது பூன் லேவோடு முடிந்துவிடும். உள்ளே வந்தார். கட்டிலைப் பார்த்தார், கொடியில் தொங்கிய துணிகளைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. என் முழங்கையைப் பிடித்து, வெல்டிங் பொறி பட்டு வந்த தழும்புகளைத் தடவிக்கொண்டே இருந்தார். அப்புறம் தன் வலது கையை அதன் பக்கத்தில் வைத்தார். வருஷக்கணக்காகத் தவிலுக்கு விரல்கூடு மாட்டி வாசித்துக் காய்த்துப்போன விரல்கள்.

"ரெண்டும் ஒண்ணுதாண்டா," என்றார்.

அன்றைக்கு நாங்கள் எங்கேயும் போகவில்லை. யாரோ சாம்பார் வைத்தார்கள், யாரோ மீன் பொரித்தார்கள். மாமா என் தகரப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு வெறும் விரலால் வாசித்தார். பக்கத்து அறைக்காரர்களும் வந்து தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். அந்த நாட்டில் நான் இருந்த ஏழு வருஷத்தில் அன்று ராத்திரிதான் கவலையில்லாமல் தூங்கினேன். சனிக்கிழமை எடுத்த படங்கள் எங்கே போயின என்றே தெரியவில்லை.

ஊருக்குத் திரும்பியதும் மாமா நேராக உன் அப்பாயியிடம் போய், "நல்லா சாப்பிடுறான், நல்லா தூங்குறான்" என்று மட்டும் சொன்னாராம். பதினாலு பேர் கதை அப்பாயிக்குக் கடைசி வரை தெரியாது.

அதனால் அம்மாடி, பாரிஸை விட்டுவிடு. கோட்டைக்கு ஒரு நாள் போய்வாருங்கள், கிறிஸ்துமஸ் சந்தையைக் காட்டு. மற்ற நாளில் நீ காய் வாங்கும் கடைக்கும், ஆபீஸ் போகும் டிராமிலும் கூட்டிப்போ. டிசம்பரில் நாலரை மணிக்கே இருட்டிவிடுகிறது, ஞாயிற்றுக்கிழமை கடை எல்லாம் மூடி ஊரே அடங்கிவிடுகிறது என்று சொல்வாயே, அந்த ஞாயிற்றுக்கிழமையில் அவள் உன்னோடு இருக்கட்டும். நாங்கள் பேசும்போது நீ போய் உட்காரும் இசார் ஆற்றங்கரை பெஞ்சில் அவளையும் உட்காரவை. காவிரிப் படித்துறையில் மணிக்கணக்காகப் பேசியவர்கள்தானே நீங்கள்.

போன மாதம் இரண்டு தடவை அழுது முடித்த குரலில் போன் பேசினாய். சளி என்றாய். அம்மா நம்பினாள். நான் எதுவும் கேட்கவில்லை, இப்போதும் கேட்கவில்லை. எங்களிடம் சொல்ல முடியாததாக இருந்தால் அவளிடம் சொல். அவள் வருகிறாள் என்று வீட்டைத் துடைத்து, சிரித்த முகத்தை மாட்டிக்கொண்டு நிற்காதே. நான் அப்படித்தான் அந்தச் சனிக்கிழமையை வீணாக்கினேன்.

அவள் திரும்பி வந்ததும் எங்களைப் பார்க்க வருவாள். அம்மா காபி கொடுப்பாள். "நல்லா இருக்காப்பா" என்று அவள் சொன்னால் அதற்கு மேல் ஒரு வார்த்தை கேட்க மாட்டேன். அம்மாவையும் கேட்க விடமாட்டேன்.

விமான நிலையத்துக்குச் சீக்கிரமே போய் நில். அந்தக் குளிருக்கு ஆகிற கோட்டு அவளிடம் கிடையாது. உன்னுடையது ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு போ.

அன்புடன்,
அப்பா