செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், வருகை தந்துள்ள அங்கத்தினர்களுக்கும், வராதவர்களுக்கும் அஸ்ஸலாமு அலைக்கும்.

கீழக்கரையின் பழஞ்சின்னங்களைப் பேணுவதற்காக ஏற்பட்ட நமது சங்கத்தின் செயற்குழு இவ்வாண்டு நான்கு முறை கூடியது. மாணவர் கட்டுரைப் போட்டி நடந்தது. நோன்பு திறப்பு நிகழ்ச்சிக்கு 140 பேர் வந்திருந்தனர்.

ஆண்டின் பெரும்பணி, ஜமாஅத்தாரின் அனுமதியோடு ஜும்ஆப் பள்ளியின் தூண்களை அளந்து வரைந்ததாகும். இது செயலாளரின் சொந்த ஆசை என்று சிலர் பேசிக்கொள்வதால் காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். வள்ளல் சீதக்காதியின் ஆதரவில் 17ஆம் நூற்றாண்டில் எழுந்த இப்பள்ளி குவிமாடத்தை நம்பி நிற்பதன்று. தூண், அதன்மேல் உத்திரத்தைத் தாங்கும் போதிகைக் கட்டை, உத்திரம், கற்பலகை என்று கோயில் மண்டபம் கட்டிப் பழகிய கைகளின் வேலை அது. உருவங்களுக்கு மட்டும் இடமில்லை. பூவும் கொடியுமே அணிசெய்கின்றன. மணலும் பவளப்பாறையுமான இக்கரையில் கருங்கல் ஏது? வெளியிலிருந்து வந்த அந்தக் கல்லில் சதுரத் தூண் எங்கே எட்டுப் பட்டையாகிறது, போதிகை எவ்வளவு நீள்கிறது என்பதற்கு நம்மிடம் ஒரு தாள்கூட இருந்ததில்லை. பழைய பள்ளிகளில் சாயத்தின்மேல் சாயம் ஏற ஏறச் செதுக்குவேலையின் விளிம்பு மழுங்கிப்போகும் என்பதை நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

லுஹர் என்னும் நண்பகல் தொழுகைக்கும் அஸர் என்னும் பிற்பகல் தொழுகைக்கும் இடைப்பட்ட நேரத்தில் அளப்பதற்குப் பெயர் கொடுத்தவர்கள் 12 பேர். முதல் நாள் ஐவர் வந்தனர். மூன்றாம் நாள் முதல் நானும், ஏணி பிடிக்க என் மகனும்தான். நோன்புக் கஞ்சிக்கு வந்தவர்களில் பத்தில் ஒரு பங்கினர் வந்திருந்தால் வேலை ஒரு மாதத்தில் முடிந்திருக்கும். ஏழு மாதம் ஆயிற்று.

திருப்புல்லாணிப் பயணத்துக்கும் இதே கதிதான். பவித்திரமாணிக்கப்பட்டினம் என்ற பழைய ஊரில் சோனகர், அதாவது முஸ்லிம்கள், வைத்திருந்த பள்ளிக்கு 13ஆம் நூற்றாண்டில் பாண்டியர் விட்ட நிலக்கொடையைப் பெருமாள் கோயில் கல்வெட்டிலே பொறித்து வைத்திருக்கிறார்கள். நம் பள்ளியின் அளவைத் தாளில் எழுதவே நமக்கு இத்தனை காலம் பிடித்திருக்கிறது. வேன் வண்டியில் பாதி இருக்கை காலியாகவே போய்வந்தது.

வரவும் செலவும் ஏறத்தாழச் சரிக்குச் சரியாக உள்ளன. விவரம் வேண்டுவோர் பொருளாளரிடம் கேட்டறியலாம். அங்கத்தினர் 86 பேரில் சந்தா செலுத்தியவர்கள் 31 பேர். கடல்கடந்து பிழைக்கப் போன சபுராளிகளைக் குறை சொல்வதற்கில்லை. அவர்களே முந்திக் கட்டியவர்கள். பாக்கி வைத்திருப்போர் பெரும்பாலும் பள்ளிக்கு நடந்து வரும் தொலைவில் குடியிருக்கிறார்கள்.

ஜமாஅத் நிர்வாகிகள், தலைவர், பொருளாளர், நாற்காலி தந்து உதவியவர் அனைவருக்கும் நன்றி.

வரைந்த 46 தாள்களும் இப்போது என் வீட்டுத் தகரப் பெட்டியில் இருக்கின்றன. வரும் ஆண்டில் அவை நூலாக வேண்டும், இன்ஷா அல்லாஹ். அச்சுக்கூலி சங்கத்தின் இருப்பைக் காட்டிலும் மிகுதி. வெளியூரில் அச்சக உரிமையாளர்களாக இருக்கும் அங்கத்தினர் இருவரின் பெயரை இங்கே நான் குறிப்பிடவில்லை. எனக்கும் இனி ஏணி ஏறும் வயதில்லை. செயலாளர் பொறுப்பை ஏற்க முன்வருபவரிடம் பெட்டியோடு ஏணியையும் ஒப்படைக்கச் சித்தமாயிருக்கிறேன். கூட்டம் முடிந்ததும் பொருளாளர் வாசலருகே ரசீதுப் புத்தகத்துடன் அமர்ந்திருப்பார்.