துட்டி வீட்டுக்கு வந்தவர்களுக்கு

பாளையங்கோட்டையில் என் நண்பன் இறந்து இன்றோடு 20 நாள். பதினாறாம் நாள் விசேஷமும் முடிந்துவிட்டது. வீட்டார் சார்பில் நன்றி சொல்ல அவன் அண்ணன் இருக்கிறார். இது என் சார்பில்.

துட்டி வீட்டில் எல்லோருக்கும் ஒரு வேலை உண்டு. பங்காளிகள் குளிப்பாட்ட நீர்மாலை எடுப்பார்கள், சம்பந்தகாரர்கள் கோடித் துணி கொண்டுவருவார்கள். 22 வருஷம் தினமும் பார்த்த நண்பனுக்கு வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, அவ்வளவுதான். தூக்குகிற நேரத்தில் ஒரு பெரியவர் என்னைக் காட்டி, "இவரு என்ன முறை?" என்று கேட்டார். "தம்பிதான்" என்று சொல்லித் தன் பக்கத்தில் தோள் கொடுக்க இடம் விட்டார் அண்ணன். தெருமுனையில் நின்ற வண்டி வரைக்கும் நானும் சுமந்தேன். அண்ணே, அதை மறக்க மாட்டேன்.

கண்ணைக் கொடுக்க வேண்டும் என்று அவன் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறான். அன்றைக்கு எனக்கு அது நினைவுக்கே வரவில்லை. எதிர்வீட்டு நர்ஸ் அக்காதான் கேட்டார். ஃபேனை நிறுத்தி, இமைகளை மூடி ஈரப் பஞ்சு வைத்து, தலையைத் தலையணை மேல் உயர்த்தி வைத்தார். 6 மணி நேரத்துக்குள் எடுத்தாக வேண்டும். கண்ணாடி போட்டவன் கண் ஆகுமா என்று ஒருவர், முகம் கோரமாகிவிடும் என்று இன்னொருவர். கண்ணாடி போட்டவர்களும் கொடுக்கலாம், எடுத்தது வெளியே தெரியாது என்று அக்கா ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். கண் வங்கியிலிருந்து வந்தவர்கள் அரை மணி நேரத்துக்குள் கருவிழிகளை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். அப்புறம் அம்மா அவன் முகத்தைத் தடவிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

சிந்துபூந்துறையில் எரியூட்டி முடியும் வரை என் கூடவே நின்ற கல்லூரிக் கூட்டாளிகளுக்கு நன்றி. பேச்சுக் கொடுக்காமல் நின்றதற்கு இன்னும் நன்றி. நண்பன் செத்ததற்கு லீவு லெட்டரில் என்ன எழுதுவது என்று முழித்தபோது, "சும்மா சொந்த வேலைன்னு போடுங்க சார், மத்ததை நான் பாத்துக்கிடுதேன்" என்ற அலுவலகத் தம்பிக்கும்.

அடுப்பு பற்ற வைக்காத அந்த நாளில் காப்பியும் இட்லியும் வந்துகொண்டே இருந்தன. யார் யார் கொடுத்தது என்று கவனிக்கிற நிலையில் யாரும் இல்லை. பாத்திரங்களைக் கழுவி வைத்திருக்கிறோம். பெயர் வெட்டியவற்றைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன். பெயர் இல்லாத ஒரு எவர்சில்வர் தூக்கு மட்டும் மிச்சம், மூடியில் லேசாக ஒடுக்கு விழுந்திருக்கும். உரியவர்கள் சொன்னால் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறேன்.